26 வயது

இன்று ஜூலை 26, கார்கில் வெற்றி நாள். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் மேஜர் சரவணன் படத்துக்கு முன்னால் ஆளுக்கொரு பூ வைத்தார்கள். 1999 மே 29-ல், கார்கில் போரில், படாலிக் மலையில் அவர் உயிர் துறந்தபோது இவர்களில் ஒருவர்கூடப் பிறந்திருக்கவில்லை. 26 வயதுதான் என்றதும், "எங்க அண்ணன் வயசு சார்" என்றாள் ஒன்பதாம் வகுப்புப் பெண், அப்புறம் யாரும் பேசவில்லை. அவர் உடலை மீட்க ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது என்பதை இந்தச் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். சொன்னேன், சொன்னது சரிதான். வீர் சக்ரா விருதைப் பற்றிக் கேட்டவர்களைவிட, அந்த ஒரு மாதம் அவர் அம்மா எப்படி இருந்திருப்பார் என்று கேட்டவர்கள்தான் அதிகம். எல்லோரும் கலைந்த பிறகு அந்தப் பெண் மட்டும் திரும்பி வந்து, சாய்ந்திருந்த படத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.