மைனஸ் 22

இன்னிக்கு ரிவ்யூவுக்கு வந்த லினக்ஸ் டிரைவர் கோடுல ஒரு வரி. யூசர் அனுப்புற டேட்டாவோட நீளம் 4096-ஐத் தாண்டினா பக்_ஆன் (BUG_ON). 'இது நடக்கவே கூடாது'ன்னு ஓட்டத்தை அங்கேயே நிறுத்துற வரி.

அதாவது எவனோ தப்பான எண் கொடுத்தா சிஸ்டத்தோட மையமான கெர்னல் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்காந்துடும். அந்த நேரம் லாக் ('ஒரு நேரத்துல ஒருத்தர்தான்'னு போடுற பூட்டு) பிடிச்சிருந்தா அது விடுபடவே விடுபடாது. பின்னால வர்றவங்க காத்துக்கிட்டே நிக்க வேண்டியதுதான்.

"யாருண்ணே அப்படி அனுப்பப் போறா?"ன்னான் எழுதின தம்பி.

அனுப்புவாங்கடா.

பக்_ஆனுக்குப் பதிலா மைனஸ் ஈஇன்வால்ங்கிற (EINVAL) எரர் கோடைத் திருப்பச் சொன்னேன். லினக்ஸ்ல அது 22. கேட்ட புரோகிராமுக்கு 'இன்வேலிட் ஆர்க்யுமென்ட்'னு போய்ச் சேரும், மெஷின் பாட்டுக்கு ஓடும்.

"எச்சரிக்கை மட்டும் எழுதுற வார்ன்_ஆன் போடவா?"

அதுவும் வேணாம். எச்சரிக்கை வந்தாலே மெஷினை நிறுத்துற பேனிக்_ஆன்_வார்ன் செட்டிங் போட்ட மெஷின்ல அதுவும் சாவுதான்.

பேங்க்ல செலான்ல தேதி தப்பா எழுதினா திருப்பித்தானே தர்றாங்க? பேங்கையா இழுத்து மூடுறாங்க?

சிரிச்சான். அடுத்த ஃபைல்ல இன்னும் மூணு பக்_ஆன் இருக்கு.