வீணையோடு தூத்துக்குடியிலிருந்து சென்னைப் போட்டிக்கு: காரில் போகிறவர்களுக்கு

முடிவு வந்துவிட்டது. வீணைப் பிரிவில் எனக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு யாருக்கும் கிடையாது. சபா போட்டிகளில் இது வழக்கம்தான். தரம் போதவில்லை என்று நடுவர்களுக்குப் பட்டால் முதலிடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். தெரிந்த விஷயம்தான், ஆனால் நமக்கே நடக்கும்போது சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று விளங்கவில்லை. அப்பா சந்தோஷப்பட்டுவிட்டார். டீச்சர், "சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தச் சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

முத்துசுவாமி தீக்ஷிதர் கிருதிப் போட்டியில் எப்படிக் கேட்பார்கள், மணி எப்போது அடிக்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வாசிப்பைப் பற்றி உங்கள் டீச்சரைவிட நான் அதிகம் சொல்லிவிடப் போவதில்லை. நான் சொல்ல வந்தது அந்த 600 கிலோமீட்டர் சாலையைப் பற்றி.

ரயிலில் போகலாமே என்பார்கள். முத்துநகர் எக்ஸ்பிரஸில் வீணையைப் பர்த்தில் படுக்க வைத்துவிட்டு நாம் விடிய விடிய உட்கார்ந்து போகவேண்டும். அதனால் கார். கார் என்று முடிவானால் முதல் எதிரி வெயில்.

வீணையின் 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தி வாசிக்கும் குறுக்குக் கட்டைகள்) மரத்தில் அடித்தவை அல்ல. தேன்மெழுகில் கரித்தூள் கலந்து இரண்டு பக்கமும் சட்டம் கட்டி, அதில் பதித்து வைத்திருக்கிறார்கள். மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்த மெழுகு இளகும். இளகினால் மெட்டு இறங்கும், அல்லது ஒரு பக்கமாகச் சாயும். பார்வைக்குத் தெரியாது, வாசித்தால்தான் தெரியும். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. மற்ற எந்த அறிவுரையை மறந்தாலும் மெழுகை மறக்காதீர்கள்.

எனக்கு இரண்டு பேருக்கு முன்னால் வாசித்த பெண்ணும் வெளியூர்தான். வீணையை டிக்கியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். சாரணியில், அதாவது வாசிக்கிற முதல் தந்தியில், நாலாவது மெட்டு ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது. அது அந்தர காந்தாரம், கல்யாணி ராகத்தின் 'க' ஸ்வரம். அவள் எடுத்ததோ கல்யாணி. ஒவ்வொரு காந்தாரத்துக்கும் தந்தியைக் கொஞ்சம் இழுத்து இழுத்துச் சரிக்கட்டினாள். அப்படிச் சமாளிக்கவே பெரிய கை வேண்டும். ஆனால் நடுவர் தாளில் அதற்கு மதிப்பெண் கிடையாது. என்னைவிட நல்ல வாசிப்பு அவளுடையது. சத்தியமாகச் சொல்கிறேன்.

நாங்கள் செய்தவை:

- வீணை பின் சீட்டில், குடம் ஒரு பக்கம், யாளித் தலை ஒரு பக்கம். அடியில் பழைய போர்வை. யாளிப் பக்கம் அடியில் மாட்டும் சுரைக்காயைத் தனியாகக் கழற்றித் துணியில் சுற்றினோம்.
- ஏசி காற்று நேராகப் படாதபடி பெட்டியின் மேல் ஒரு வேட்டி.
- சாப்பிட நிறுத்தினால் ஒருவர் காரிலேயே. ஏசி ஓடவேண்டும். டீசல் போனால் போகட்டும்.
- தந்திகளை முழுக்கத் தளர்த்தவில்லை, லேசாகத்தான். முழுக்கத் தளர்த்தினால் மறுபடி ஏற்றி நிலைக்க ஒரு நாள் ஆகும்.
- ஆக்டிங் டிரைவர். அப்பாவே ஓட்டியிருந்தால் நான் வழியெல்லாம் அவர் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

விடியற்காலை கிளம்பினால் எட்டயபுரம் வரும்போதுதான் வெளிச்சம் வரும். 1835 தீபாவளியன்று தீக்ஷிதர் சமாதியானது அங்கேதான். கடைசி நேரத்தில் சீடர்கள் பாடியது 'மீனாக்ஷி மே முதம்' என்றும், அனுபல்லவியில் 'மீன லோசனி பாச மோசனி' என்ற இடத்தில் உயிர் பிரிந்தது என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். என் பட்டியலிலும் அந்தக் கிருதி இருந்தது. எனக்கு அவ்வளவு பக்தி போதாது, அப்பாவுக்காக நிறுத்தினோம். கேட் பூட்டியிருந்தது. வெளியே நின்றபடியே அப்பா கும்பிட்டார், நான் கால் நீட்டி நடந்தேன். அப்புறம் அருப்புக்கோட்டை, மதுரை பைபாஸ், திருச்சி. சொல்ல ஒன்றும் இல்லை.

காரில் பாட்டுக் கேட்கவேண்டாம். போட்டிக்கு வைத்திருக்கும் கிருதியைக் கேட்கவே வேண்டாம். பெரிய வித்வான்களின் பாடாந்தரம், அதாவது அவர்கள் கற்றுப் பாடும் வழி, நம்முடையதிலிருந்து ஒரு சங்கதியாவது வேறாக இருக்கும். பத்து மணி நேரம் கேட்டால் மறுநாள் மேடையில் கை அவர்கள் வழியில் போகும், மூளை நம் வழியில் போகும். என் தோழி கேட்டுக்கொண்டேதான் போவாள், அவளுக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு ஆகும். உங்களுக்கு எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு மனசுக்குள் கிருதியை எங்கிருந்தாவது எடுத்து ஓட்டினேன். பல்லவியிலிருந்து அல்ல, எங்கிருந்தாவது.

போட்டி திங்கட்கிழமை என்றால் ஞாயிறு மாலை செங்கல்பட்டு பக்கத்துப் பரனூர் டோலைக் கடக்கிற மாதிரி கிளம்பாதீர்கள். ஊருக்குப் போன சென்னை மொத்தமும் அப்போதுதான் திரும்பும்.

சொந்தக்காரர் வீட்டில் தங்காதீர்கள். தாம்பரத்தில் சித்தி வீடு இருந்தும் மயிலாப்பூரில் லாட்ஜ் எடுத்தோம். சித்திக்கு இன்னும் கோபம். ஆனால் அங்கே போனால் இரவு சாப்பாடானதும், "எங்களுக்கு ஒண்ணு வாசிச்சுக் காட்டு" என்பார்கள். மறுக்க முடியாது. ஒன்று மூன்றாகும். விரல் போய்விடும்.

காலையில்:

- சுடுதண்ணீரில் குளித்த கையோடு வாசிக்காதீர்கள். இடது கை விரலில் காய்த்த இடம் ஊறியிருக்கும், தந்தி வெட்டும்.
- விரலில் தொட்டுக்கொள்ளும் எண்ணெய்ப் பஞ்சு டப்பா உங்கள் கைப்பையில் இருக்கவேண்டும், அம்மா பையில் அல்ல.
- வராந்தாவில் புழுக்கம், உள்ளே ஏசி. வெளியே மூன்று கட்டைக்குச் சேர்த்த சுருதி உள்ளே போனதும் ஏறும், எல்லாத் தந்தியும் ஒரே அளவு ஏறாது. கொஞ்சம் முன்பே உள்ளே போய் உட்கார அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள்.
- மேடையில் தந்தியை முறுக்கும் பிருடையைத் தொடாதீர்கள். சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் லங்கர் மட்டும்.

நடுவர்கள் என் பட்டியலைப் பார்த்து 'மீனாக்ஷி மே முதம்' கேட்டார்கள். பல்லவி ஒரு தடவைதான் வாசித்திருப்பேன். "போதும்மா, சரணத்துக்குப் போ" என்றார் நடுவில் இருந்தவர். 'மதுராபுரி நிலயே' தானாக வந்தது. காரில் தொடையைத் தட்டிக்கொண்டு வந்ததற்கு அதுதான் கூலி. 'வீணா கான' என்கிற இடத்தில் அவர் பேனாவைக் கீழே வைத்தார். மணி அடித்தது. அதற்குப் பிறகும் முதல் பரிசு இல்லை என்றால் நான் என்ன சொல்ல?

விண்ணப்பத்தில் பட்டியல் எழுதும்போது ஒன்று: நீளமாக எழுதினால் மதிப்பு கூடும் என்று நினைத்து அரைகுறையாகத் தெரிந்ததைச் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு கிருதியையும் சரணத்திலிருந்தும், மத்திமகால சாகித்தியத்திலிருந்தும் (வேகமாக வரும் வரிகள்) நேராக எடுக்க முடிகிறதா என்று வீட்டில் யாரையாவது நடுவில் நிறுத்திக் கேட்கச் சொல்லிப் பாருங்கள். தடுக்கினால் அந்தப் பாட்டை அடித்துவிடுங்கள்.