காலைத் தூக்கிப் பார்த்து வாங்கிய பேண்ட்

பாம்பன் பக்கத்துப் பெண்ணுக்குப் பாறையேற்றம் எதற்கு என்று என்னைக் கேட்காத உறவினர் எவரும் இல்லை. கேள்வியில் நியாயம் உண்டு. எங்கள் கரையில் ஏறுவதற்கென்று இருப்பது பனைமரம் ஒன்றுதான். பாறை என்று எடுத்துக்கொண்டால், கரையோரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கிடந்து பாதத்தைக் கிழிக்கும் கடற்பாறையையும், தீவுகளைச் சுற்றி நீருக்குள் வளரும் பவளப்பாறையையும் சொல்லலாம். அந்தத் தீவுகள் 21-உம் 1986 முதல் மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை என்பதால் அங்கே கால் வைப்பதற்கே இடமில்லை. பெங்களூருவில் வேலை பார்த்த நான்கு ஆண்டுகளில், மைசூரு சாலையில் இருக்கும் ராமநகரத்துக் கருங்கல் பாறைகளில் கயிறு கட்டி ஏறப் பழகினேன். ஊருக்குத் திரும்பிய பிறகும் ஆண்டுக்கு இரண்டு முறை, வெயில் தணிந்திருக்கும் மாதங்களில் போய்வருகிறேன். கயிறு, கொக்கி, தலைக்கவசம் எல்லாம் அங்குள்ள தோழிகளிடம் இருக்கின்றன. பேண்ட்டை மட்டும் நான்தான் கொண்டுபோக வேண்டும். அதில்தான் நான் அதிகமாக ஏமாந்தேன்.

முதலில் கொண்டுபோனது சாதாரண லெக்கிங்ஸ். வீட்டில் அணிந்து குனிந்து நிமிர்ந்து பார்த்தபோது இரண்டாம் தோல் போல இருந்தது. பாறையில் இடுப்பு உயரத்தில் இருந்த ஒரு சிறிய விளிம்பில் வலது பாதத்தை வைத்து, உடல் எடையை அதன்மேல் ஏற்றிய கணத்தில், உள்தொடையில் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்துவிட்டது. துணி கிழியவில்லை, தையல்தான் விட்டது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அந்த நேரத்தில் கவனிக்க எனக்கு வேறு விஷயம் இருந்தது: கீழே கயிறு பிடித்திருந்த தோழியைத் தவிர இன்னும் ஆறு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி வந்து, இடுப்பில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டுதான் அன்றைய மிச்ச நேரத்தைக் கழித்தேன்.

தையல் ஏன் அந்த இடத்தில் விடுகிறது என்பதை எனக்கு விளக்கியவர் பக்கத்து ஊரான மண்டபத்தில் தையல்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். பிரிந்த லெக்கிங்ஸை மேசைமேல் விரித்து, கட்டைவிரலால் கவட்டுப் பகுதியைத் தொட்டுக் காட்டினார். முன்பக்கத் தையல், பின்பக்கத் தையல், இரண்டு கால்களின் உள்தையல் என்று நான்கும் அங்கே ஒரே புள்ளியில் வந்து முட்டுகின்றன. காலை உயரத் தூக்கினாலும் அகலமாக விரித்தாலும் முழு இழுப்பும் அந்தப் புள்ளிக்குத்தான் போகிறது. "நாலு கயித்தையும் ஒரே முளையிலயா கட்டுவாங்க? முளைதானே பிடுங்கும்" என்றார். பழைய தொளதொள சல்வார் எவ்வளவு உட்கார்ந்து எழுந்தாலும் அங்கே பிரியாததற்குக் காரணம், கவட்டில் தனியாக ஒரு துண்டை வைத்துத் தைப்பதுதான். தையற்காரர்கள் அதை மியானி என்பார்கள். அந்தத் துண்டு நான்கு தையல்களையும் ஒரு புள்ளியில் சேரவிடாமல் விலக்கி வைக்கிறது. காலை விரிப்பதற்கு வேண்டிய கூடுதல் துணியையும் தருகிறது. பாறையேற்றத்துக்கென்று விற்கும் விலை உயர்ந்த பேண்ட்டுகளைப் புரட்டிப் பார்த்தால் அவற்றிலும் இருப்பது இதே துண்டுதான், சாய்சதுரமாகவோ நீளப் பட்டையாகவோ. சாயல்குடிப் பக்கம் பனையேறுபவர்கள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, காலில் தளைநார் மாட்டி, தவளைபோல முழங்காலை விரித்து ஏறுவதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவள் நான். அவர்கள் துணியில் கவட்டுத் தையலே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆகவே கடையில் பேண்ட் வாங்கும்போது கண்ணாடி முன் நின்று பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். பெண்களுக்கான பேண்ட்டை வெட்டுபவர்கள் நின்றால் எப்படித் தெரியும் என்பதையே நினைத்து வெட்டுகிறார்கள். பாறையில் யாரும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து நிற்பதில்லை. ராமநாதபுரத்தில் ஒரு துணிக்கடையின் உடைமாற்றும் அறையில் இருந்த முக்காலிமேல் ஒரு காலை வைத்து, முழங்கால் நெஞ்சைத் தொடும்வரை முன்னால் சாய்ந்தேன். பிறகு தரையில் குந்தி, அந்த நிலையிலேயே முழங்கால்களை இரண்டு பக்கமும் அகட்டினேன். முக்காலி கிரீச்சிட்ட சத்தம் கேட்டு, வெளியே நின்ற விற்பனைப் பெண் "அக்கா, உள்ள ஒண்ணும் ஆகலையே?" என்று கதவைத் தட்டினாள். அன்று ஆறு பேண்ட்டுகளைப் போட்டுப் பார்த்ததில் ஐந்து அந்த அறையிலேயே தோற்றன. இரண்டு, தொடையில் பிடித்து முழங்காலை மேலே போகவிடவில்லை. இரண்டு, குந்தியவுடன் பின்பக்கம் நான்கு விரல் இறங்கின. மற்றொன்றில் முன்பக்கப் பொத்தான் வயிற்றில் குத்தியது.

துணி விஷயத்தில் ராமநகரத்துத் தோழிகள் சொல்வதும் எங்கள் கரைக்குப் பொருந்துவதும் வேறு வேறு. அவர்களில் பலர் இரண்டு மூன்று சதவீதம் ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் இழை கலந்த கனமான பருத்தித் துணியை விரும்புகிறார்கள். கருங்கல்லின் சொரசொரப்பை அது நன்றாகத் தாங்கும். கயிறு உரசும் சூட்டில் நைலான் உருகுவதைப் போல அது உருகாது. வறண்ட காற்றுள்ள ஊருக்கு அது சரி. சாதாரணமாக 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீத ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நைலான் 4 சதவீதம், பாலியெஸ்டர் அரை சதவீதத்துக்கும் குறைவு. எங்கள் ஊரில் அதைவிட ஈரமான காற்றில்தான் துவைத்ததை உலர்த்துகிறோம், அதிலும் துவைக்கும் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். துணியில் தங்கிவிட்ட உப்பு காற்றிலிருந்து ஈரத்தை மீண்டும் மீண்டும் இழுக்கும் என்பதால், காய்ந்துவிட்டது என்று மடித்துவைத்த பருத்திப் பேண்ட் மறுநாள் பெட்டிக்குள் நமத்திருக்கும். அந்த நமப்போடு நாள் முழுக்க ஏறினால் உள்தொடையில் எப்படிப் புண்ணாகும் என்பதை எங்கள் கரையில் கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். அதனால் நான் நைலானும் ஸ்பான்டெக்ஸும் கலந்த, ஓரளவு தடிமனான நெசவுத் துணிக்கு வந்து சேர்ந்தேன். பின்னல் துணியை, அதாவது டிராக் பேண்ட் வகையை, ஒதுக்கிவிட்டேன். ஒரு கல்முனையில் மாட்டி இழை ஒன்று அறுந்தால் அது ஓட்டையாக விரிந்துகொண்டே போகிறது. வியர்வை வாடை நைலானிலும் இருக்கிறதுதான், பாலியெஸ்டர் அளவுக்கு இல்லை.

இடுப்பைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உடலைக் கயிற்றோடு பிணைக்கும் வார்க்கட்டுதான் ஹார்னஸ். அதன் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இறுக்கமாக உட்கார வேண்டும், தொடை வளையங்கள் இரண்டும் கவட்டுக்குக் கீழே பிடிக்க வேண்டும். கயிற்றில் தொங்கும்போது உடல் எடை முழுவதும் இந்த இடங்களில் அழுந்துகிறது; அங்கே பேண்ட்டின் பெல்ட், கொக்கி, தடித்த மடிப்பு, பின்பையின் பொத்தான் எது இருந்தாலும் சதைக்குள் பதியும். 1873-இல் லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் காப்புரிமை பெற்ற ரிவெட் ஆணி ஜீன்ஸின் பையைக் காப்பாற்றியிருக்கலாம். ஹார்னஸுக்கு அடியில் அது என் இடுப்பில் ஒரு வாரத்துக்கு அடையாளம் விட்டுச் சென்றது. தட்டையான எலாஸ்டிக் பட்டையும் உள்ளே ஒரு நாடாவும் போதும்.

உயர்ந்த இடுப்பா, நடுத்தர இடுப்பா என்பதில் எனக்கும் தோழிகளுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. கைகளை மேலே நீட்டும்போது முதுகு தெரியாமலிருக்க அவர்கள் உயர்ந்த இடுப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் நடுத்தரத்தைத் தேர்ந்தெடுப்பது கழிப்பறைக் காரணத்துக்காக. பல ஹார்னஸ்களில் தொடை வளையங்களைப் பின்னால் தாங்கும் எலாஸ்டிக் நாடாவைக் கழற்றிவிட்டால், இடுப்புப் பட்டையையும் கயிற்று முடிச்சையும் அவிழ்க்காமலே பேண்ட்டை இறக்க முடியும். பேண்ட்டின் விளிம்பு அந்தப் பட்டைக்கு அடியில் ஆழமாகச் சிக்கியிருந்தால் அது நடக்காது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே ஏறி, மதியம் தலை சுற்றி உட்கார்ந்த நாள் ஒன்று எனக்கு உண்டு. முதுகை மறைக்கச் சட்டையை நீளமாக அணிந்துகொண்டால் போயிற்று.

மற்றவை சிறிய விஷயங்கள். கணுக்காலில் துணி தொங்கினால் பாதம் வைக்கும் இடம் கண்ணில் படாது, அதனால் அங்கே எலாஸ்டிக்கோ சுருக்கு நாடாவோ வேண்டும். பை தொடையின் பக்கவாட்டில், பிளாஸ்டிக் ஜிப்போடு இருக்கட்டும். கடற்காற்றில் உலோக ஜிப் இறுகிப்போகும். நிறம் வெளிறியதாக இருப்பது நல்லது, ஏனென்றால் மலைத்தேனீக்கள் கருநிறத்தைத்தான் அதிகம் தாக்கும், ராமநகரத்துப் பாறைகளில் தேன்கூடுகளுக்குக் குறைவில்லை.

கடைசியில் தேறிய அந்த ஆறாவது பேண்ட்டிலும் கவட்டுத் துண்டு இல்லை. மண்டபத்துப் பெரியவரிடம் கொண்டுபோனேன். "பாய், துணி தாராளமா இருக்கு, ஒரு துண்டு வெச்சுக் குடுங்க" என்றேன். உள்தையலைப் பிரித்து, சாய்சதுரத் துண்டை வைத்து, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். முழங்காலில் உட்புறமாக ஒரு ஒட்டும் வைத்தார். கூலி 180 ரூபாய். இரண்டு பருவங்கள் தாங்கியிருக்கிறது. ஊரிலிருந்து கிளம்பும் முன்னும் திரும்பி வந்த பின்னும் ஒரு வாளி நல்ல தண்ணீரில் அலசி நிழலில் போடுகிறேன். வீட்டில் குடம் கணக்கில் வாங்கும் தண்ணீரைப் பேண்ட்டுக்கு ஊற்றுகிறாள் என்ற பேச்சையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறேன்.

சென்ற மாதம் கொடியில் கிடந்த அந்தப் பேண்ட்டைச் சித்தி எடுத்து, கவட்டுத் துண்டை இரண்டு கைகளாலும் இழுத்து இழுத்துப் பார்த்தார். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்தில் 12 நாள் பாசி எடுக்கக் கடலில் இறங்குபவர் அவர். சேலைக்கு மேலே ஆண்களின் சட்டையும், விரல்களில் சுற்றிய துணியும்தான் அவருடைய உடை. "எனக்கு ஒண்ணு தைக்கச் சொல்லுடி. பை வேணாம், மணலு ஏறும். காலு மட்டும் முட்டிக்குக் கீழ ஒரு சாண் போதும்" என்றார். பாய் அளவு எடுத்துக்கொண்டார், துணியும் வெட்டியாகிவிட்டது. அடுத்த அமாவாசைக்குள் தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.