இரண்டு முறை எரிந்த வீடு

லண்டன் பேடிங்டனில் ரயில் ஏறி டாப்லோவில் இறங்கினோம். அங்கிருந்து டாக்ஸி பிடித்தால் கிளிவ்டன் என்ற பழைய மாளிகை பக்கம்தான். இன்று அது பெரிய ஹோட்டல். நாங்கள் தங்கவில்லை, தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட் எடுத்தோம். ஒரு நாள் போதவில்லை.

தெற்குப் புல்வெளியில் இறங்கித் திரும்பிப் பார்த்தால்தான் வீட்டின் வயது தெரிகிறது. கீழே வளைவு வளைவாக நீளும் செங்கல் மேடை 17ஆம் நூற்றாண்டில் பக்கிங்ஹாம் டியூக் கட்டிய முதல் வீட்டுடையது. மேலே இருந்த வீடு 1795இல் எரிந்தது. திரும்பக் கட்டினார்கள், 1849இல் அதுவும் எரிந்தது. மேடை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. வெயிலில் சூடேறியிருந்த அந்தச் செங்கல்லில் கை வைத்தேன், எடுக்க மனமே வரவில்லை.

இப்போதுள்ள மாளிகையைக் கட்டியவர் சார்லஸ் பாரி. லண்டன் நாடாளுமன்றக் கட்டடமும் அவர் வடிவமைத்ததுதான். 1893இல் அமெரிக்கக் கோடீஸ்வரர் வில்லியம் வால்டார்ஃப் ஆஸ்டர் இதை வாங்கி, 1906இல் மகனுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தார். அப்படி மருமகளாக வந்த நான்சி ஆஸ்டர்தான் 1919இல் பிரிட்டிஷ் மக்களவையில் போய் அமர்ந்த முதல் பெண். பாரியின் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் கிளம்பிப்போன காலையை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

1942இல் குடும்பம் இதை, பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்துவிட்டது. அப்புறம் சில வருடம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் இங்கே தங்கிப் படித்தார்கள். 1980களில் ஹோட்டலானது. கிளிவ்டன் என்றால் பலருக்கும் 1961இல் நீச்சல் குளத்தருகே தொடங்கிய பிரஃபியூமோ விவகாரம்தான், பிரிட்டிஷ் அமைச்சர் ஒருவரின் பதவியைப் பறித்த காதல் ஊழல், ஞாபகம் வரும். எனக்கு இனி அது வராது.

முதல் உலகப் போரில் ஆஸ்டர் குடும்பம் இந்த வளாகத்தில் கனடா செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனைக்கு இடம் கொடுத்தது. பிழைக்காதவர்களை, தரை தாழ்ந்த இத்தாலியத் தோட்டம் ஒன்றில் அடக்கம் செய்தார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட சிறிய கற்கள். கைகளை விரித்து நிற்கும் ஒரு பெண் சிலை, அதன் முகம் நான்சியின் சாயல் என்கிறார்கள். அத்தனை பெரிய தோட்டத்தில் அங்கே மட்டும் பேச்சே எழவில்லை. எவ்வளவோ தூரம் கடல் தாண்டி வந்த பிள்ளைகள். ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பெயரைப் படித்து முடித்த பிறகுதான் கிளம்பினோம்.