அக்காவின் எக்செல் ஷீட்

ஜூன் 3, 2025, செவ்வாய்

இந்த மாசக் கடைசிக்குள் எல்லாரையும் புது சிஆர்எம்முக்கு, அதாவது வாடிக்கையாளர் விவரங்களை வைத்துக்கொள்ளும் மென்பொருளுக்கு, குடியேற்றிவிட வேண்டும் என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். எல்லாரும் என்றால், எங்கள் பம்ப்செட் கடையில் மோட்டார் வாங்கிய விவசாயிகள், கோவையைச் சுற்றியும் பாலக்காடு பக்கமும் இருக்கிற டீலர்கள், மெக்கானிக்குகள். மொத்தம் 6,400 வரிக்குக் கொஞ்சம் மேல், ஒரே எக்செல் ஃபைலில். கடையின் ஃபைல் என்று பேருக்குத்தான். அது கணக்குப் பார்க்கும் அக்காவின் சொத்து. திறந்தால் பொங்கல் கோலம் மாதிரி கலர்கலராக இருக்கிறது. "பார்த்து எடு கண்ணு, பதினெட்டு வருச உழைப்பு" என்றார். நகல் எடுத்து, நகலில்தான் கை வைத்தேன். அந்த அளவுக்காவது புத்தி இருக்கிறது.

ஜூன் 4, புதன்

நாள் முழுக்க போன் நம்பர். லேண்ட்லைன் எல்லாம் 422 என்று தொடங்குகின்றன. கோவையின் 0422-ல் முதல் பூஜ்யத்தை எக்செல் விழுங்கிவிட்டது. நம்பருக்கு முன்னால் பூஜ்யம் எதற்கு என்பது அதன் கணக்கு. 91 சேர்த்து அடித்த செல் நம்பர்கள் இன்னும் மோசம். 12 இலக்கம் ஆகிவிட்டதால் 9.19 என்று தொடங்கி, நடுவே ஒரு 'ஈ' போட்டு, கூட்டல் 11 என்று முடித்துக் காட்டுகிறது. கட்டத்துக்குள் முழு நம்பரும் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிஆர்எம்மில் ஏற்ற அப்படியே சிஎஸ்வியாக (காற்புள்ளி போட்டுப் பிரித்த ஃபைல்) சேமித்தால் கண்ணுக்குத் தெரிவதுதான் ஃபைலுக்குப் போகும். கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். தசமம் இல்லாத நம்பராக மாற்றி, எல்லா இலக்கமும் தெரிகிறதா என்று பார்த்த பிறகே சேமித்தேன். பின்கோடு மட்டும் தப்பித்தது. நம் நாட்டில் எந்தப் பின்கோடும் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை, புண்ணியம்.

சாயங்காலம் இன்னொன்று. பழைய முகவரிகள் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அவை வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். எங்கே திறந்தாலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றி, அதைக் கெடுக்காத யூடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமிக்க வேண்டும். சாதாரண சிஎஸ்வியில் சேமித்தேன், பொள்ளாச்சி முழுக்கக் கேள்விக்குறி ஆகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து.

ஜூன் 6, வெள்ளி

சிஆர்எம்முக்கு 'லாஸ்ட் நேம்' கட்டாயம் வேண்டுமாம். அது இல்லாத வரியை ஏற்றவே மாட்டேன் என்கிறது. நம் ஆட்களுக்கு ஏது லாஸ்ட் நேம்? இருப்பது அப்பா பேரின் முதலெழுத்து ஒன்று. அதையும் சிலர் முன்னால் போடுகிறார்கள், சிலர் பின்னால்.

இடைவெளியைப் பார்த்து இரண்டாக வெட்டு என்று எக்செல்லிடம் சொன்னேன். எஸ். முருகேசன் ஒழுங்காக விழுந்தார். முருகேசன் எஸ் என்று இருந்தவருக்கு லாஸ்ட் நேம் 'எஸ்' ஆனது. எங்கள் மெயில் லாஸ்ட் நேமைத்தான் எடுத்துப் போடும், அவருக்கு "அன்புள்ள திரு. எஸ்" என்று போயிருக்கும். இது பரவாயில்லை. "பெரிய தோட்டத்து அண்ணா" என்று ஒரு வரி இருக்கிறது. "முருகேசன் (மில் ரோடு, கண்ணாடி போட்டவர்)" என்று ஒன்று. கண்ணாடி போடாத முருகேசன் அடுத்த வரியில் இருக்கிறார்.

மத்தியானம் வரை மல்லுக்கட்டிவிட்டு, பேரை முழுசாக லாஸ்ட் நேமில் போட்டு ஃபர்ஸ்ட் நேமைக் காலியாக விட்டேன். அழகில்லைதான். ஆனால் யாரும் 'எஸ்' ஆக மாட்டார்கள்.

ஜூன் 9, திங்கள்

முதலில் 50 வரி மட்டும் ஏற்றிப் பார்த்தேன். 28 வரியைத் 'தேதி தவறு' என்று திருப்பி அனுப்பிவிட்டது. 25/08/2019 எல்லாம் வரவில்லை. 22 வரி ஏறிவிட்டதே என்று ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், 03/04/2019-ல் மோட்டார் வாங்கியவர் மார்ச் 4-ல் வாங்கியதாக இருக்கிறது. மென்பொருள் மாதத்தை முதலில் படிக்கிறது. தேதி 12-க்கு மேல் இருந்தால் முழிக்கிறது. 12-க்குள் இருந்தால் சத்தமில்லாமல் புரட்டிப் போட்டுக்கொள்கிறது. திருப்பி அனுப்பிய 28-ஐப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஏறிய 22-தான் பயமுறுத்தியது. வாரண்டிக் கணக்கே இந்தத் தேதியில்தான் ஓடுகிறது. அமைப்புகளில் தேதி வடிவத்தை மாற்றினேன், சரியானது.

ஒரே ஆள் இரண்டு முறை ஏறாமல் இருக்க எதை அடையாளமாக வைப்பது என்று அடுத்த யோசனை. ஜிஎஸ்டி எண் வைக்கலாம்தான், விவசாயிக்கு அது கிடையாது. ஒரே டீலருக்குத் தமிழ்நாட்டுக்குள் இரண்டு கிளை இருந்தால் இரண்டுக்கும் தமிழ்நாட்டுக்கான 33-ல் தொடங்கும் அதே எண் இருக்கலாம். கடைசியில் செல் நம்பரையே வைத்தேன். அப்பாவும் மகனும் ஒரே நம்பர் கொடுத்த வீடுகளைக் கையால் பிரித்தேன்.

ஜூன் 11, புதன்

காலை பத்தரைக்கு மொத்தமும் ஏற்றினேன். பத்தே நிமிடம், ஒரு பிழை இல்லை. கை தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பத்தே முக்காலுக்குக் கடைப் போன் அடிக்க ஆரம்பித்தது. புதுசாக ஒரு கஸ்டமர் பேர் சேர்ந்தால் உடனே வரவேற்பு எஸ்எம்எஸ் போகட்டும் என்று போன மாசம் விற்பனைப் பையன் ஒரு விதி போட்டு வைத்திருந்தான். ஏற்றுவதற்கு முன் அதை அணைத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. "எங்கள் குடும்பத்தில் இணைந்ததற்கு நன்றி" என்று ஆயிரக்கணக்கில் போய்விட்டது. ஏற்றியதை ஒரே அழுத்தில் திரும்ப எடுக்க வழி இருக்கிறது. எஸ்எம்எஸ்ஸுக்கு இல்லை.

பாதிப் பேர் சிரித்தார்கள். "பதினஞ்சு வருசமா வர்றனுங்க, இப்பத்தான் சேத்தீங்களா?" என்றார் ஒருவர். பதினொன்றரைக்கு ஒரு அம்மா பேசினார். வீட்டுக்காரர் பேரைச் சொல்லி வரவேற்று வந்திருக்கிறதாம். அவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது. கோபமாகப் பேசவில்லை. "அந்த நம்பரை நான்தாங்க வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

போனை வைத்த பிறகு அக்கா கேட்டார், "அந்த வரி ரோஸ் கலர்ல இருந்துச்சே, பார்க்கலையா கண்ணு?"

ஜூன் 12, வியாழன்

சிஎஸ்வியில் கலர் போகாது. கட்டத்துக்குள் இருக்கும் எழுத்து மட்டும்தான் போகும். அக்காவின் பதினெட்டு வருடம் கட்டத்துக்கு வெளியே இருந்திருக்கிறது.

அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு எழுதிக்கொண்டேன். ரோஸ்: ஆள் இல்லை, வீட்டில் வேறு யாரோ பார்க்கிறார்கள். மஞ்சள்: கடன் கிடையாது, காசு வாங்கிவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். பச்சை: முதலாளிக்குச் சொந்தம், விலையை அவரிடம் கேட்க வேண்டும். நீலம்: மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல்தான் போன் எடுப்பார். நல்லவேளை, மஞ்சளில் இருக்கும் யாருக்கும் பையன்கள் இன்னும் கடனில் மோட்டார் கொடுக்கவில்லை.

ஜூன் 14, சனி

எக்செல்லில் கலரை வைத்தும் ஃபில்டர் போடலாம். ஒவ்வொரு கலராக வடிகட்டி, 'அக்கா குறிப்பு' என்று புதுத் தலைப்பு போட்டு, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே நிரப்பினேன். எஸ்எம்எஸ் விதியை அணைத்தேன். அணைத்துவிட்டேனா என்று இரண்டு முறை பார்த்தேன். இந்த முறை புதுசாகச் சேர்க்காமல், இருக்கும் பேர்களோடு செல் நம்பரைப் பொருத்தி, இந்த ஒரு தலைப்பை மட்டும் ஏற்றினேன்.

ஆரஞ்சு கலரில் ஒன்பது வரி மிச்சம். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தார். ஒரு பேர்கூட ஞாபகம் வரவில்லை. "ஏதோ காரணமாத்தான் அடிச்சிருப்பேன், இருக்கட்டும் கண்ணு" என்றார். ஒன்பதிலும் 'ஆரஞ்சு' என்றே எழுதி ஏற்றிவிட்டேன்.