போல்ட்டா வெல்டிங்கா: மும்பையின் ஒரு பழைய கிடங்கைப் பழுதுபார்த்த விதம்

சிவ்ரி பக்கம், கடலை ஒட்டிய பழைய கிடங்கு. மேலே ரிவெட் (தலை தட்டிப் பிணைக்கும் இரும்பு ஆணி) அடித்த டிரஸ், அதாவது கூரையைத் தாங்கும் சட்டம்; கீழே துரு அரித்த தூண் அடிகள், நடுவில் ஒரு சின்ன கிரேன் கர்டர், அதாவது கிரேன் ஓடும் உத்திரம். மூன்றுக்கும் ஒரே முறை போதும் என்று வேலையைத் தொடங்கினால் எங்கேயாவது ஓரிடத்தில் தப்பாகிவிடும். பழைய இரும்பு என்ன ரகம், அதன்மேல் இப்போது எவ்வளவு பாரம், ஸ்பானரோ வெல்டிங் ராடோ உள்ளே போகுமா என்ற மூன்றும் தெரிந்தபின்தான் முடிவெடுக்க வேண்டும்.

ரகம் தெரிய டிரஸ் ஆங்கிளின் (L வடிவ இரும்பு) நுனியில், அதிக விசை வராத இடத்தில், பெயின்ட்டையும் துருவையும் சுரண்டிவிட்டு, எண்ணெய் விடாமல் துளைபோட்டுச் சீவலை எடுத்து லேபுக்கு அனுப்பினோம். கார்பன், மாங்கனீசு, கந்தகம், பாஸ்பரஸ் நான்கையும் கேட்க வேண்டும். இன்றைய இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2062-இல் இ250 ஏ என்ற கட்டுமான இரும்பு ரகத்தில் கந்தகமும் பாஸ்பரசும் தலா 0.045 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. டிரஸ் இரும்பில் இரண்டுமே தாண்டியிருந்தன. கந்தகம் கூடினால் வெல்டிங் ஆறும்போதே நடுக்கோட்டில் வெடிப்பு விடும். பாஸ்பரஸ் கூடினால் இரும்பு வளையாமல் எளிதில் முறியும். டிரஸ்ஸுக்கு போல்ட் என்று அங்கேயே முடிவாயிற்று. பிற்பாடு மாற்றப்பட்ட தூண்கள் நல்ல ரகம். அவற்றில் வெல்டிங் செய்யலாம்.

ரிவெட்டை எடுப்பதில் அவசரம் ஆகாது. முதலில் அந்த மூட்டுக்குக் கீழே ஜாக் வைத்துப் பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு ஒன்றை எடுத்து, அதே துளையில் போல்ட் போட்டு முறுக்கிய பின்தான் அடுத்தது. தலையை கிரைண்டரில் அறுத்து, உடலைப் பஞ்ச் வைத்துத் தட்ட வேண்டும். கேஸ் கட்டரால் ஊதினால் துளையின் விளிம்பு கருகிப் பிளேட்டும் கெடும். முக்கால் அங்குல ரிவெட் துளையை ரீமரால் (துளையைச் சீவி அகலமாக்கும் கருவி) 22 மி.மீ. ஆக்கினால் எம்20, அதாவது 20 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டுக்குச் சரியாக இருக்கும். துளை ஒத்துவரவில்லை என்று கேஸால் நீட்டக் கூடவே கூடாது, எஃகுக் கட்டுமானத்துக்கான இந்திய விதித்தொகுப்பு ஐ.எஸ். 800 அதை அனுமதிப்பதில்லை.

துளைக்கும் போல்ட்டுக்கும் இடையே 2 மி.மீ. இடைவெளி இருக்கிறது. சாதாரணமாக முறுக்கினால் ஜாக்கை இறக்கியதும் மூட்டு நகர்ந்து டிரஸ் தொங்கும். அதனால் பிளேட்டுகளை இறுக்கி, அவற்றின் உரசல் பிடிப்பில் நிற்கும் ஹைடென்சில் (அதிக இழுபலமுள்ள) போல்ட்டைத் தேர்ந்தோம். இதில் தொடுபரப்புதான் எல்லாம். எம்20, 8.8 என்ற பலரகத்துக்கு முன்இழுவிசை, அதாவது முறுக்கும்போதே போல்ட்டில் ஏறும் இழுப்பு, ஏறக்குறைய 137 கிலோநியூட்டன். இரும்புத் துகள் வீச்சில் சுத்தம் செய்த பரப்பில் உரசல் எண் 0.5, அதால் பெருக்கிப் பாதுகாப்பு எண்ணான 1.25ஆல் வகுத்தால் ஒரு போல்ட் ஒரு பரப்புக்கு 55 கிலோநியூட்டன் பிடிக்கும். சுத்தம் செய்யாத பரப்பில் 0.2, அதாவது 22 மட்டுமே. சிவப்பு ஈயப் பெயின்ட் அடித்திருந்தால் அதிலும் பாதி. ஆகவே பிளேட்டை மூடுமுன் பிரஷ்ஷோடு யாரையும் அருகில் விடக் கூடாது. முறுக்கி முடித்தபின் விளிம்பைச் சீலன்ட்டால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்புக்காற்று உள்ளே புகுந்து துரு பருத்துப் பிளேட்டையே பிளந்துவிடும்.

நாக்தேவி தெருவில் வாங்கும்போது தலையில் 8.8 முத்திரையும் தயாரிப்பாளர் குறியும் இருக்கிறதா, நட்டில் 8 இருக்கிறதா என்று ஒவ்வொரு பெட்டியிலும் பார்க்க வேண்டும். 8.8 போல்ட்டுக்கு சாதாரண நட் போட்டால் முறுக்கும்போதே மரை உரிந்துவிடும். ஒருமுறை முழு இழுவிசைக்கு முறுக்கியதைக் கழற்றினால், மறுபடி போடாமல் ஒதுக்கிவிடுவோம்.

தூண் அடியில் ஸ்பானர் திரும்ப இடமில்லை, அதனால் 12 மி.மீ. பிளேட்டை வெல்டிங்கில் ஒட்டினோம். இவ்வளவு தடிப்புக்கு ஃபில்லெட் (மூலையில் போடும் முக்கோண வெல்ட்) குறைந்தது 5 மி.மீ. வேண்டும், 6 மி.மீ. வைத்தோம். பட்டறையில் போடும் வெல்டுக்குப் பாதுகாப்பு எண் 1.25, சைட்டில் 1.5. அதனால் அதே 6 மி.மீ. வெல்ட் ஒரு மி.மீ. நீளத்துக்கு பட்டறையில் 795 நியூட்டன், சைட்டில் 660 தான். நீளத்தைச் சைட் கணக்கிலேயே போட வேண்டும். 7018 என்ற ரக வெல்டிங் ராடை ஓவனில் 300 முதல் 350 டிகிரி வரை காயவைத்து, சூடான குவிவரில் (ராடு வைக்கும் சூட்டுக் கூடு) வைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். மும்பை மழைக்காலக் காற்றில் திறந்து கிடந்த பாக்கெட்டை நம்பக் கூடாது. ஈரம் ஹைட்ரஜனாகி, வெல்ட் ஆறிய பிறகும் வெடிப்பை உண்டாக்கும்.

பாரம் தாங்கி நிற்கும் தூணில் ஃபிளேஞ்சின் (ஓரத்து அகலப் பட்டை) குறுக்கே ஒரே மூச்சில் வெல்ட் இழுத்தால் அந்த வெட்டுமுகம் முழுதும் சூடேறிப் பலம் இழக்கும். தூணின் நீளவாக்கில், 75 முதல் 100 மி.மீ. துண்டுகளாக, எதிரெதிர்ப் பக்கம் மாறி மாறிப் போட வேண்டும். முட்டு கொடுப்பது அதற்கும் முன்னால். கடைசியில் பிளேட்டைச் சுற்றி முழுக்க வெல்ட் செய்து அடைத்தால்தான் கடற்காற்று நுழையாது. வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை வேலை நடக்கும் பிளேட்டிலேயே மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் கரன்ட் கிரேனின் பேரிங் வழியாகத் திரும்பி அதைக் கெடுக்கும். சரக்கு இருந்த கிடங்கு என்பதால் வெல்டிங் நின்றபின்னும் அரை மணியாவது ஒருவர் தீக்காவல் இருந்தார்.

"ரெண்டையும் போட்டுடுங்க, பலமா இருக்கும்" என்று எல்லா சைட்டிலும் கேட்பார்கள். வெல்ட் நகராது; சாதாரண போல்ட்டோ துளைக்குள் நகர்ந்து விளிம்பில் முட்டிய பிறகுதான் பாரம் வாங்கும். அதற்குள் வெல்ட் பிய்ந்துவிடும். எனவே மொத்தப் பாரத்தையும் ஏதாவது ஒன்றே தாங்கும்படி வடிவமைப்பதுதான் விதி. விதிவிலக்காக உரசல் பிடிப்பு போல்ட் வெல்டோடு பங்கு போடலாம். அதுவும் வெல்டிங் முடிந்தபின் முழுதாக முறுக்கியிருந்தால் மட்டுமே.

கிரேன் கர்டரின் கீழ் ஃபிளேஞ்சில் சின்ன பிராக்கெட்டைக்கூட வெல்ட் செய்யவில்லை. கிரேன் போய்வரும் ஒவ்வொரு முறையும் அங்கே இழுவிசை ஏறி இறங்கும். வெல்டின் ஓரத்தில் தொடங்கும் மயிரிழை வெடிப்பு அப்படியே வளர்ந்துகொண்டு போகும். கேபிள் பிராக்கெட்டை, இரண்டு ஃபிளேஞ்சுக்கும் நடுவே நிற்கும் வெப் என்ற தகட்டின் நடு உயரத்தில் துளைபோட்டு போல்ட்டால் மாட்டினோம்.

முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டிலும் பிளேட்டிலும் சேர்த்து மஞ்சள் கோடு போட்டிருக்கிறோம். மழைக்காலம் முடிந்து அக்டோபரில் ஏறிப் பார்க்கும்போது கோடு விலகியிருக்கும் நட்டைப் போல்ட்டோடு மாற்ற வேண்டும்.