கப்பல் பட்டியலில் இல்லாதவர்கள்

கணவர் வீட்டு மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்று கண்டுபிடிக்கப் பதினான்கு மாதங்கள் ஆயின. அதில் முதல் ஐந்து மாதங்கள் முழுக்க வீண். இதே தேடலில் இறங்கப்போகிற யாருக்காவது அந்த ஐந்து மாதமாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் கணவர் வீட்டார் பென்சில்வேனியாக்காரர்கள். குடும்பப் பெயர் கார்ப்பென்டர். மகள் பிறந்தபோது எங்கள் பக்கத்து வம்சத்தை அம்மா வாயால் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. மாமியாரைக் கேட்டால், "நாங்கள் டச்சு" என்றார். அதை நம்பி ஹாலந்துப் பதிவுகளுக்குள் போய் விழுந்தேன். பென்சில்வேனியா டச்சு என்றால் ஹாலந்து இல்லை, ஜெர்மனி. அவர்கள் தங்கள் பேச்சை 'டைச்' என்பார்கள். இது தெரியவே இரண்டு மாதம் போய்விட்டது.

அப்புறம் எல்லிஸ் தீவு, கப்பலில் வந்த குடியேறிகளைப் பதிவு செய்த நியூயார்க் நிலையம். எல்லாரும் முதலில் அங்கேதான் தேடுகிறார்கள், நானும் தேடினேன். அந்த நிலையம் திறந்ததே 1892ல். நாங்கள் தேடும் ஆள், குடும்பத்தில் முதலில் அமெரிக்கா வந்தவர், அதற்கு நூறு வருடத்துக்கும் முன்னால் வந்தவர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் உள்ள எல்லார் பெயரும் வருவது 1850 முதல்தான். 1790ல் குடும்பத் தலைவர் பெயர் மட்டும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. ஆகவே 1850 வரை பின்னோக்கிப் போவது சுலபம். அதற்கு முன்னால் உயில், நிலப்பத்திரம், சபைப் பதிவேடு இவைதான் வழி.

நிலப்பத்திரம் வழியாகப் பண்ணை இருந்த இடம் தெரிந்தது. விடுப்பு எடுத்து, குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி அந்த கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) நீதிமன்றத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் ஆண்டைப் பார்த்தார். "அவ்வளவு பழையது இங்கே இல்லை" என்றார். எங்கே இருக்கும் என்று கேட்டதற்கு, இணையத்தில் பாருங்கள் என்று ஒரு சீட்டை நீட்டினார். அவ்வளவுதான். அந்த கவுன்ட்டி உருவாவதற்கு முன்பே இவர் இறந்துவிட்டார், அது பிரிந்து வந்த தாய் கவுன்ட்டியில் பாருங்கள் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். இன்னும் ஆறவில்லை எனக்கு. கிளம்பும் முன் கவுன்ட்டி பிறந்த வருடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெர்க்ஸ் 1752, டாஃபின் 1785, லெபனான் 1813. பண்ணை அசையவில்லை, எல்லைதான் மேலே நகர்ந்து போயிருக்கிறது.

உயில் தாய் கவுன்ட்டியான லங்காஸ்டரில் கிடைத்தது. பதிவுப் புத்தகத்தில் கார்ப்பென்டர் என்றே இருந்தது. ஆனால் கப்பல் பட்டியலில் அவர் வந்திருக்கக்கூடிய எந்த வருடத்திலும் பொருந்துகிற ஒரு கார்ப்பென்டர் இல்லை. ஒரு மாதம் அப்படியே நின்றது. பிறகு நூலகத்தில் சந்தித்த ஒரு வயதான பெண்மணி, "புத்தகத்தில் இருப்பது எழுத்தர் எடுத்த நகல். அசல் தாளைக் கேட்டீர்களா?" என்றார். கேட்டேன். உயில் முழுக்க ஆங்கிலம். அடியில் கையெழுத்து மட்டும் ஜெர்மன் எழுத்தில்: சிம்மர்மன். ஜெர்மனில் தச்சர் என்று அர்த்தம். பெயரையே மொழிபெயர்த்துவிட்டார்கள். ம்யூலர் மில்லரானதும் ஷ்னைடர் ஸ்னைடரானதும் சத்தத்தால் நடந்தது. இது அர்த்தத்தால் நடந்தது. இது தெரியாமல் சத்தத்தை வைத்துத் தேடினால் ஆயுசுக்கும் கிடைக்காது. தயவுசெய்து அசல் தாளைக் கேளுங்கள்.

1727 முதல் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கிய ஜெர்மானிய ஆண்கள் பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்து கையெழுத்திட வேண்டியிருந்தது. கேப்டன் கொடுத்த பட்டியலில் பெயர்கள் காதில் விழுந்தபடி சிதைந்து கிடக்கும். பிரமாணப் பட்டியலில் எழுதத் தெரிந்தவர் தன் கையாலேயே எழுதியிருப்பார். இந்தப் பட்டியல்களைத் திரட்டி ஸ்ட்ராஸ்பர்கரும் ஹிங்கேயும் 1934ல் வெளியிட்ட தொகுப்பின் இரண்டாம் பாகம் முழுக்க அந்தக் கையெழுத்துகளின் படங்கள்தான். அதே பெயரில் மூன்று சிம்மர்மன்கள் இருந்தார்கள். உயில் கையெழுத்தை அச்செடுத்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது ஆள். முதல் எழுத்தின் கொக்கி, கடைசி எழுத்தின் வால் வரை அப்படியே. 1749 செப்டம்பர் கடைசியில் இறங்கியவர். நூலகம் என்பதையும் மறந்து கத்திவிட்டேன்.

சரி, அடுத்த அடி. ஒரு லூதரன் சபைப் பதிவேட்டில் இதே பெயர்கொண்ட தகப்பனின் குழந்தைக்கு ஞானஸ்நானம். தேதி '8ber 1749'. எட்டாவது மாதம், ஆகஸ்ட் என்று படித்தேன். கப்பல் வருவதற்கு முன்பே இங்கே குழந்தையா, இது வேறு ஆள் என்று ஒதுக்கிவிட்டேன். மூன்று வாரம் கழித்துதான் உறைத்தது. 8ber என்றால் அக்டோபர். லத்தீனில் எட்டு 'அக்டோ'. இப்படியே 7ber செப்டம்பர், 9ber நவம்பர். மறுபடி எடுத்துப் பார்த்தால், பிறந்த இடம் 'கடலில்' என்று இருக்கிறது.

என் கை நடுங்கிவிட்டது. பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் மட்டும்தான் பிரமாணப் பட்டியலில் இருப்பார்கள். ராட்டர்டாமிலிருந்து இங்கிலாந்தின் கவ்ஸ் வழியாக வந்த அந்தப் பயணத்தில் நிறைமாதமாக ஒரு பெண் இருந்தாள். கப்பல் தாள் ஒன்றிலும் அவள் இல்லை. சபைப் பதிவேட்டிலும் முதற்பெயரோடு 'சிம்மர்மன்னின்' என்றுதான் இருந்தது. பெண்களின் குடும்பப் பெயரோடு அக்காலத்தில் சேர்க்கும் விகுதி அந்த 'இன்'. வேறு குடும்பம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தச் சபையை நடத்தியவர்கள் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து அனுப்பப்பட்ட போதகர்கள். 1706ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் படித்த அதே ஹாலே. தரங்கம்பாடிக் கடிதங்களும் பென்சில்வேனியாக் கடிதங்களும் அங்கே ஒரே ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. என் மகளின் இரண்டு பக்கமும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருப்பதாகத் தோன்றியது.

சொந்த ஊரைக் காட்டியது ஞானப்பெற்றோர். அந்நிய ஊரில் குழந்தையைக் கையில் ஏந்த ஊர்க்காரரையோ உறவையோதான் கூப்பிடுவார்கள். ஞானத்தகப்பன் கையெழுத்து கப்பல் பட்டியலில் நான்கு வரி கீழே இருந்தது. அவர் ஹைடல்பர்க்குக்குத் தெற்கே கிராய்ச்காவ் பகுதிக்காரர் என்று வேறு யாரோ ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஜெர்மன் சபைப் பதிவேடுகளை இணையத்தில் காட்டும் ஆர்கியோன் தளத்தில் ஒரு மாதச் சந்தா கட்டி அந்த ஊர்ப் பதிவேட்டைத் திறந்தேன். (சந்தா கட்டும் முன் அந்த ஊர் ஏடு ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்கப் பணம் வேண்டாம்.) பழைய ஜெர்மன் கையெழுத்தில் e அப்படியே n மாதிரி இருக்கும். ஒரு பக்கம் படிக்க ஒரு மாலை ஆனது.

நேற்றிரவு கிடைத்தது. மூத்த குழந்தையின் ஞானஸ்நானம், ஓரத்தில் போதகர் எழுதிய குறிப்பு: 'பென்சில்வேனியாவுக்குப் போய்விட்டார்கள்'. சில பக்கம் முன்னால் திருமணப் பதிவு. அதில் அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரும், அப்பா நெசவாளர் என்பதும்.

நடுராத்திரி என்றும் பாராமல் மாமியாரை எழுப்பிச் சொன்னேன். "அவள் பெயரை இன்னொரு தடவை சொல்லு" என்றார். நோட்டின் எதிர்ப்பக்கத்தில் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன்.